மறுப்பவரிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நோயாளிகளிடம் சிகிச்சைக்கான ஒப்புதலைப் பெறும் மருத்துவர்கள், அவர்களைப் பயிற்றுவிக்கும் பேராசிரியர்கள், ஒப்புதல் படிவங்களை வகுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பொது மருத்துவமனையில் பணிபுரியும் மனநல மருத்துவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பிற துறைகளிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை ஏறத்தாழ ஒரே வாசகத்தோடு வருகிறது: ‘நோயாளி சிகிச்சையை மறுக்கிறார், முடிவெடுக்கும் திறன் உள்ளதா எனப் பார்த்துச் சொல்லவும்.’ நோயாளி சம்மதித்துவிட்டார், அவருக்கு அந்தத் திறன் உள்ளதா எனப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஓர் அழைப்பு வந்ததாக எனக்கு நினைவில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஒருவருடைய திறனைப் பற்றிய ஐயம் அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது மட்டுமே நமக்கு எழுகிறது என்றால், அவர் நம் சொல்லுக்கு இணங்குகிறாரா என்பதையே திறன் என்ற பெயரில் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மறுப்பவர் தம் அறிவுத் தெளிவைத் தேர்வு எழுதி மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. சம்மதிப்பவரோ எதையும் விளங்கிக்கொள்ளாமல் கையொப்பமிட்டுவிட்டு அறுவை அரங்குக்குப் போய்விடலாம். முதல் தவற்றைப் பற்றிக் குடும்பத்தினராவது சண்டையிடுவார்கள். இரண்டாவது தவறு நடந்ததே யாருக்கும் தெரிவதில்லை.

ஒரே வார்டில் இருந்த இரண்டு முதியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்திருந்த ஒருவர் டயாலிசிஸ் வேண்டாம் என்றார். அவருடைய கேஸ் ஷீட்டில், ‘தேதி, கிழமை சொல்லத் தெரியவில்லை. முடிவெடுக்கும் திறன் இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. வாரக்கணக்கில் சன்னல் இல்லாத மூலையில் படுத்திருப்பவருக்குக் கிழமை மறந்துபோவதில் வியப்பில்லை. அவர் அருகில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன செய்யப்போவதாகச் சொன்னார்கள் என்று கேட்டேன். ‘வாரத்துக்கு மூணு தடவை ஊசி குத்தி ரத்தத்தை மெஷின்ல விட்டுச் சுத்தம் பண்ணுவாங்களாம். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஆகுமாம். பண்ணலைன்னா ரொம்ப நாள் தாங்காதாம். என் சம்சாரத்துக்கு இதைத்தான் செஞ்சாங்க, கூடவே இருந்து பார்த்தவன் நான். எனக்கு வேண்டாங்க’ என்றார். சிகிச்சை என்ன, மறுத்தால் என்ன நேரும், ஏன் மறுக்கிறார் என்று எல்லாம் அந்தப் பதிலில் இருந்தன. அவருடைய முடிவு எனக்கு வருத்தம் தந்தது. அது அவர் தெளிந்து எடுத்த முடிவு என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

அதே வரிசையில் இருந்த மற்றொருவர், குடல் அறுவைக்குச் சம்மதித்துவிட்டு அமைதியாகப் படுத்திருந்தார். யாரையும் தொந்தரவு செய்யவில்லை, மருந்து கொடுத்தால் விழுங்கினார், கையை நீட்டச் சொன்னால் நீட்டினார். அவர் சாப்பாட்டுத் தட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு செவிலியர் சொன்னதால்தான் அவரிடம் போனேன். நேற்று எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டபோது, ‘வீட்டுக்கு அனுப்புற பேப்பருங்க’ என்றார். தொற்றினாலும் வலி மருந்தினாலும் வந்த குழப்ப நிலை அது. கத்தாமல், குழாய்களைப் பிடுங்காமல், சோர்ந்து கிடக்கும் வகை என்பதால் எவர் கண்ணிலும் படவில்லை. அறுவையை ஓரிரு நாள் தள்ளிவைக்க முடிந்தது. தொற்று தணிந்து தெளிவு வந்த பிறகு, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து எடுத்துச் சொல்லி மீண்டும் கேட்டார்கள். அவர் மறுபடியும் சம்மதித்தார். இந்த முறை எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறிந்திருந்தார்.

இது ஏதோ ஒரு வார்டின் விபத்து என்று நினைக்க வேண்டாம். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ‘ஜாமா’ மருத்துவ இதழ் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின்படி, பொது மருத்துவப் பிரிவுகளில் உள்நோயாளிகளாக இருந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை. நலமாக வாழும் முதியோரில் அது 2.8 விழுக்காடுதான். திறன் இல்லாதவர்களில் 42 விழுக்காட்டினரை மட்டுமே அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். எஞ்சியோர் யார் என்று எண்ணிப் பாருங்கள். சண்டையிட்டவர்களாக இருந்திருந்தால் கவனிக்கப்பட்டிருப்பார்கள். பெரும்பாலும் தலையாட்டியவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

எதை மதிப்பிட வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1988ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ மருத்துவ இதழில் அமெரிக்க மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் உளவியலாளர் தாமஸ் கிரிஸ்ஸோவும் வகுத்துத் தந்த நான்கு கூறுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: தம் தெரிவைச் சொல்ல முடிவது, சொல்லப்பட்டதைப் புரிந்துகொள்வது, அது தமக்கே நேர்கிறது என்று உணர்வது, வாய்ப்புகளை எடைபோட்டுக் காரணத்தோடு ஒரு முடிவுக்கு வருவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும் இதற்கு நெருக்கமான அளவுகோலையே வைத்திருக்கிறது. ஒருவருக்குத் திறன் இருப்பதாகவே கொண்டு தொடங்க வேண்டும் என்றும், திறன் இல்லை என்று சொல்லும் முன் அவர் முடிவெடுப்பதற்கு உதவும் நடைமுறைசார்ந்த வழிகள் அனைத்தையும் முயன்றிருக்க வேண்டும் என்றும், விவேகமற்றதாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காகவே அவரைத் திறனற்றவராகக் கருதக் கூடாது என்றும் அது சொல்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிவது மட்டுமே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது எனத் தெளிவாக்குகிறது. மனநல சிகிச்சைக்கென்றே இயற்றப்பட்ட ஒரு சட்டம் இவ்வளவு மதிப்பை நோயாளியின் முடிவுக்குத் தரும்போது, எலும்பு முறிவுக்காகவும் நெஞ்சு வலிக்காகவும் வந்தவர்களுக்கு நாம் அதைவிடக் குறைவாகத் தருவதற்கு நியாயம் இல்லை.

மனநோய் என்ற பெயரே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்துவிடாது என்பதற்கு, 1994ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்ற ஓர் ஆங்கிலேய வழக்கை மாணவர்களுக்குத் தொடர்ந்து எடுத்துச் சொல்கிறேன். பிராட்மூர் என்ற உயர்காவல் மனநல மருத்துவமனையில் இருந்த 68 வயதுக்காரர் ஒருவருக்குக் கடுமையான மனச்சிதைவு நோய். தாம் ஒரு மாபெரும் மருத்துவர் என்ற மருட்சியும் இருந்தது. அவருடைய பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 விழுக்காடுதான் என்றார்கள்; அவர் மறுத்தார். காலைப் பற்றி மருத்துவர்கள் சொன்னதை அவர் விளங்கிக்கொண்டிருக்கிறார், தமக்குரிய வழியில் எடைபோட்டிருக்கிறார், அந்த மருட்சி இந்த முடிவைக் கெடுத்துவிடவில்லை என்று நீதிபதி தோர்ப் கண்டு, அவர் மறுப்பைச் செல்லத்தக்கதாக்கினார். வெட்டாமலே அளிக்கப்பட்ட சிகிச்சையில் அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்தார் என்பதால் தீர்ப்பு சரியாகிவிடவில்லை. அவர் இறந்திருந்தாலும் அது சரியான தீர்ப்பாகவே இருந்திருக்கும்.

இந்த வழக்கு காட்டுவது போல, திறன் என்பது ஒரு முடிவைச் சார்ந்தது, ஒரு வேளையைச் சார்ந்தது. ரத்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளும் திறன் உள்ளவருக்கு, பல சிக்கல்கள் கொண்ட மூளை அறுவையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இல்லாமல் போகலாம். காலையில் தெளிவாகப் பேசியவர் அந்தி சாயும் வேளையில் தடுமாறலாம். ஆகவே, ‘முடிவெடுக்கும் திறன் இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் மொட்டையாக எழுதப்படும் வரி மருத்துவக் குறிப்பாகவே நிற்காது. எந்த முடிவுக்கு, எந்த நாளில், எந்த நேரத்தில் என்ற விவரம் இல்லையென்றால், அடுத்து வரும் மருத்துவர்கள் அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போவார்கள். குழப்பம் தெளிந்த பிறகும் அந்த வரி அந்த மனிதரை விட்டுப் போகாது.

நினைவுத்திறன் சோதனையில் 30க்கு எத்தனை மதிப்பெண் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதும் வழக்கத்தையும் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன அதே தொகுப்புக் கட்டுரையின்படி, 20க்குக் கீழான மதிப்பெண் திறனின்மைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. 24க்கு மேற்பட்டது குறைக்கிறது. இடைப்பட்ட மதிப்பெண்கள் நமக்கு ஒன்றையும் சொல்வதில்லை. கூட்டுவதும் குறைப்பதும்கூட ஐயத்துக்கான அடிப்படைகளே. அச்சோதனையில் கேட்பதுபோல் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாதவருக்குத் தம் காலை இழக்கச் சம்மதமா இல்லையா என்று தெரியாது எனக் கொள்ள முடியாது. ஆப்பல்பாமும் கிரிஸ்ஸோவும் உருவாக்கிய ‘மேக்கேட்-டி’ என்ற நேர்காணல் முறையிலும், இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே திறன் இல்லை என்று ஒரு கோடு வரையப்படவில்லை. வேண்டுமென்றே வரையாமல் விட்டார்கள். கருவி நமக்குத் துணைசெய்யும்; முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் எதிரில் உட்கார்ந்து கேட்டவரே.

அப்படியானால் என்ன கேட்பது? உங்கள் உடம்புக்கு என்ன என்று சொல்லியிருக்கிறார்கள்? என்ன செய்யலாம் என்கிறார்கள்? செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? வேறு வழி உண்டா? இதைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்? அவ்வளவுதான். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிந்தது’ என்பார்கள். ‘நான் சொன்னதை உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வீர்கள்’ என்று கேட்டால்தான் எது சென்று சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியும். சேராததை மீண்டும் விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் நம் உரையாடலையே மறுநாள் மறந்துவிடலாம். ஆனால் முடிவெடுக்கத் தேவையான நேரம்வரை நினைவில் நின்றால் போதும் என்பதே இங்கிலாந்துச் சட்டத்தின் நிலைப்பாடு. ஒவ்வொரு முறை புதிதாகக் கேட்கும்போதும் ஒரே காரணத்தைச் சொல்லி ஒரே விடையை அவர் தருவாரானால், அந்த விடை அவருடைய ஆழ்ந்த விருப்பத்திலிருந்து வருகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இவற்றைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. காது கேட்கும் கருவி காதில் இருக்கிறதா, மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறதா? கண்ணாடி போட்டிருக்கிறாரா? ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் ஆக்சிஜனும் எப்படி இருக்கின்றன? தூக்க மருந்தோ வலி மருந்தோ கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று? பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்குப் படங்களையும் தலையசைப்பையும் கொண்டு கேட்கலாம்; ‘அறுவை வேண்டுமா’ என்று கேட்டபின், சற்று நேரம் கழித்து ‘அறுவை வேண்டாமா’ என்று மாற்றிக் கேட்டால், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரா, உண்மையில் பதில் சொல்கிறாரா என்பது விளங்கிவிடும். நோயாளியின் மொழி நமக்குத் தெரியாதபோது அவருடைய மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்கச் சொல்வது எளிது. அவர்களுக்கும் அந்த முடிவில் அக்கறையும் அச்சமும் சில நேரம் ஆதாயமும் இருப்பதால், சொன்னது சொன்னபடி வந்து சேரும் என்று நம்ப முடியாது.

குடும்பத்தைப் பற்றிய மற்றொரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார் என்று உறவினர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். நாமும் இரக்கப்பட்டு ஒத்துக்கொள்கிறோம். பிறகு அவர் கீமோதெரபியை மறுக்கும்போது, தம் நோயின் தீவிரம் அவருக்குப் புரியவில்லை என்று எழுதி மனநல மருத்துவரை அழைக்கிறோம். சொல்லப்படாத ஒன்றை அவர் எப்படிப் புரிந்துகொள்வார்? அந்த மதிப்பீட்டில் குறை காண வேண்டிய இடம் நம் பக்கம்தான் இருக்கிறது. அத்தகைய அழைப்புகளில் நான் முதலில் செய்வது, நோயாளியிடம் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்பது. எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், என் மகள் பார்த்துக்கொள்வாள் என்று அவரே சொன்னால் அது அவருடைய உரிமை. அதையும் ஒரு முடிவாகவே மதித்து எழுதிவைக்க வேண்டும். அவரைக் கேட்காமல் மகள் அப்படித் தீர்மானிப்பது முற்றிலும் வேறு.

எளிதில் தீராத இடங்களும் உண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவர் தம் நோயைப் பற்றிப் பிசகின்றிச் சொல்வார், மறுத்தால் இறப்பேன் என்றும் சொல்வார். ஆனால் இறப்பதுதான் தமக்குத் தகும் என்று அந்த நோயே அவரைச் சொல்லவைக்கிறதா என்பதை ஒரே சந்திப்பில் பிரித்தறிய முடியாது. எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் உணவை மறுக்கும் அனோரெக்சியா நோயாளிகள் பலர் புரிதலைச் சோதிக்கும் எல்லாக் கேள்விகளுக்கும் நம்மைவிட நன்றாகவே விடை சொல்வார்கள். மெலிந்திருப்பதற்கு அவர்கள் தரும் மதிப்பு அவர்களுடையதா, நோயினுடையதா என்பதே அங்கு கேள்வி. இத்தகையோரைப் பொறுத்தவரை, இந்த நோய் வருமுன் இவர் எப்படிப்பட்டவராக இருந்தார் என்று அறிந்தவர்களிடம் பேசாமல், ஒருமுறைக்கு மேல் சந்திக்காமல், மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் எழுதப்படும் எந்த முடிவையும், என்னுடையதையும் சேர்த்தே, நான் ஏற்க மாட்டேன்.

முடிவின் ஆபத்து கூடக் கூடத் திறனுக்கான அளவுகோலையும் உயர்த்த வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வாதத்தை ஏற்றால், ஒரே சிகிச்சைக்குச் சம்மதிக்க ஓர் அளவு, மறுக்க அதைவிட உயர்ந்த ஓர் அளவு என்றாகி, நான் குறை சொல்லும் பழக்கத்துக்கே கோட்பாட்டின் ஆதரவு கிடைத்துவிடும். ஆபத்து கூடும்போது கூட வேண்டியது நம் கவனமும், நாம் செலவிடும் நேரமும், நாம் திரட்டும் சான்றும். நோயாளி தாண்ட வேண்டிய உயரம் மாறக் கூடாது.

உயிர் போகும் அவசரத்தில், பேச முடியாத நிலையில் வருபவரிடம் இவையெல்லாம் இயலாது என்பதை அறிவேன். அவர் முன்பே எழுதிவைத்த மறுப்பு எதுவும் நம் கைக்கு வந்திராவிட்டால், தள்ளிப்போட முடியாததைச் செய்துவிட வேண்டியதுதான். தள்ளிப்போடக்கூடியதையும் அதே அவசரத்தின் பெயரால் சேர்த்துச் செய்யலாகாது.

திறன் இல்லை என்று நேர்மையாகக் கண்டறிந்த பிறகும் அந்த மனிதரின் குரல் ஓய்ந்துவிடுவதில்லை. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான நிலையை உறுதிசெய்து, முடிவெடுக்க வேண்டிய துணையை அளிக்கும் கடமையை அரசுகளின் மேல் வைக்கிறது. ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமும் 2013ஆம் ஆண்டு, ஒருவருடைய நலனைத் தீர்மானிக்கும்போது அவர் நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் முன்பு என்ன சொன்னார், எதற்கு அஞ்சினார், இப்போதும் எதைக் கண்டு கையை இழுத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் சிகிச்சைத் திட்டத்துக்குள் வர வேண்டும். எப்போது மீண்டும் மதிப்பிடுவது என்ற தேதியும் அன்றே குறிக்கப்பட வேண்டும்.

நிர்வாகத்தினரிடம் என் வேண்டுகோள் சிறியது. ஒப்புதல் படிவத்தில், மருத்துவர் விளக்கியதாகச் சொல்லும் அச்சிட்ட பத்திக்குக் கீழே, நோயாளி தாம் விளங்கிக்கொண்டதைச் சொன்ன சொற்களை அப்படியே எழுத நான்கு வரி இடம் விடுங்கள். சம்மதித்தவருக்கும் மறுத்தவருக்கும் அதே படிவம், அதே நான்கு வரி. ‘வீட்டுக்கு அனுப்புற பேப்பர்’ என்ற பதில் அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தால் எவரும் அந்த முதியவரை அறுவைக்கு அனுப்பத் துணிந்திருக்க மாட்டார்கள். பேராசிரியர்களிடம், ஒப்புதல் வாங்கும் வேலையை வார்டிலேயே ஆக இளையவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகாமல், ஆண்டுக்குச் சில முறையாவது அவர்கள் கேட்பதை உடனிருந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.

மருத்துவர்களாகிய உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறுவையின் ஆபத்துகளை விளக்கத் தெரிந்தவர் அதைச் செய்பவரே. எனக்கு அது தெரியாது. ஆகையால் திறனை மதிப்பிடும் முதற்பொறுப்பு உங்களுடையது, மனநோயோ தீராத ஐயமோ இருக்கும் இடத்தில் நான் துணைக்கு வருவேன். என்னை அழைக்கும்போது எந்த முடிவைப் பற்றிய ஐயம், நோயாளியிடம் இதுவரை என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது, அவர் என்ன பதில் சொன்னார் என்பவற்றை எழுதி அனுப்புங்கள். இவை இல்லாத அழைப்பு வந்தாலும் நோயாளியைப் பார்க்காமல் இருக்க மாட்டேன். ஆனால் நான் கட்டிலருகே உட்காரும்போது, அழைத்த மருத்துவரும் அங்கு வந்து அந்தச் சிகிச்சையை அவருக்கு என் முன்னிலையில் ஒருமுறை விளக்க வேண்டும் என்று கேட்பேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு மனநல மருத்துவர்